பதினேழு டிக்கெட், மூன்று நட்சத்திரம்

மார்ச் 4, செவ்வாய்

ஸ்கேனர் நின்றுவிட்டது. காலை பத்தே கால். மேடம், "ஹெல்ப் டெஸ்க்குக்குப் போன் பண்ணிச் சொல்லிடு" என்று சொல்லிவிட்டு மேலே மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

போன்.

சொல்ல வேண்டியதை முதலில் ஒரு துண்டுத் தாளில் எழுதினேன். 'வணக்கம் சார், நான் கீழே ரெக்கார்ட் ரூமில் இருந்து பேசுகிறேன்.' நான்கு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். எடுப்பது ஒரு பெண்ணாக இருந்தால்? 'சார்' என்பதை அடித்தேன். இரண்டாவது மணியில் யாரோ எடுத்து "சொல்லுங்க" என்றார்கள். வைத்துவிட்டேன்.

'சொல்லுங்க' என்றுதான் சொன்னார்கள். அதற்கே.

மேடம் வந்து, "சொல்லிட்டியா?" என்றார். "சொல்லிட்டேன் மேடம்" என்றேன். மாலைவரை பழைய கோப்புகளிலிருந்து ஸ்டேப்ளர் பின் பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஒரு டப்பா நிறைந்தது.

மார்ச் 5, புதன்

ஸ்கேனர் இன்றும் ஓடவில்லை. ஓடாது. யாருக்கும் தெரியாதே.

என் வேலையைப் பற்றி இதுவரை இந்த நோட்டில் எழுதவில்லை என்று இப்போதுதான் கவனித்தேன். கம்பெனியின் பழைய கோப்புகள் கீழ்த்தளத்தில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. பின்னைப் பிடுங்கி, தாளை நிமிர்த்தி, ஸ்கேன் செய்து, பெயர் கொடுத்து, திரும்பப் பெட்டியில் வைக்க வேண்டும். ஜன்னல் இல்லை. பேச ஆளும் இல்லை. எனக்குப் பொருத்தமான வேலை. மூன்று மாதத் தற்காலிகம். ஏப்ரல் 30 வரை மஞ்சள் கழுத்துப் பட்டை. அதற்குள் மேடம் மேலே ஒரு படிவம் அனுப்புவார். தேறினால் நீலப் பட்டை. தேறாவிட்டால் வீடு.

பாதிப் பெட்டிகளின் மேல் எனக்கு முன்னால் இருந்த பெண்ணின் கையெழுத்து இருக்கிறது. உருண்டையான, அழகான கையெழுத்து. "நல்ல பொண்ணு. ஏன்தான் நிறுத்தினாங்களோ" என்று மேடம் அடிக்கடி சொல்வார். அவளுக்கு முன்னால் இருந்தவளும் நல்ல பெண்தானாம்.

மதியம் மூன்றாம் மாடிக்குக் கோப்பு கொடுக்கப் போனேன். கணக்குப் பிரிவு அக்கா ஹெல்ப் டெஸ்க்கோடு போனில் சண்டை. "ஒண்ணுமே வேலை செய்யல. ஒண்ணுமேன்னா ஒண்ணுமேதான். அதுல என்ன சந்தேகம் உங்களுக்கு?" அவர் மேசையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. போனும் வேலை செய்ததால்தானே பேசிக்கொண்டிருந்தார்.

ஆனால் அவர் திரையில் ஒன்றைப் பார்த்தேன். டிக்கெட் போடும் படிவம், அதாவது புகார் எழுதும் இடம். பேசவே வேண்டாம், எழுதினால் போதும். இதை ஏன் யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை?

கீழே வந்து எழுதினேன். 'பிரச்சினையை விவரிக்கவும்' என்று ஒரு பெரிய கட்டம் இருந்தது. விவரித்தேன்.

'நேற்று காலை 10.15. நீலக் கோப்பின் ஏழாவது தாள் பாதி உள்ளே போய் நின்றது. அதற்கு முன் ஆறு தாள்களும் சரியாகப் போயின. நிற்கும்போது கட்டிலை இழுப்பதுபோல ஒரு சத்தம். நான் மூடியைத் திறந்து தாளை எடுத்தேன். இடது மூலை கிழிந்து வந்தது. கிழிந்த துண்டு கிடைக்கவில்லை. பிறகு ஒரு ஸ்கேலை உள்ளே விட்டுத் தேடினேன். அது தவறாக இருந்தால் மன்னிக்கவும். ஒருமுறை அணைத்துப் போட்டேன். அதே சத்தம். நேற்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தவறு.'

அனுப்பிய பிறகு மறுபடியும் படித்தேன். ஸ்கேல் விஷயத்தை எழுதியிருக்க வேண்டாமோ?

மார்ச் 6, வியாழன்

ஒன்பதரைக்கே ஹெல்ப் டெஸ்க்கிலிருந்து ஆள் வந்துவிட்டார். முப்பது வயது இருக்கும். கழுத்தில் மாலைபோல ஒரு கறுப்பு ஒயரைச் சுற்றியிருந்தார். ஒயருக்குக் கீழே பட்டை. மஞ்சள். என்னைப்போல.

"அந்த லெட்டர் எழுதினது நீங்கதானா?"

தலையை ஆட்டினேன்.

"அந்த ஸ்கேலை நான் பார்க்கலாமா?"

கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாலு வருஷமா இந்தக் கட்டடத்துல வேலை செய்யறேன். இங்க யாருமே எதையுமே தொட்டதில்ல. எல்லாம் தானாவே உடையும். முதல் தடவையா ஒருத்தங்க ஒத்துக்கிட்டிருக்காங்க."

மூடியைக் கழற்றி, ரோலருக்கு அடியிலிருந்து கிழிந்த மூலையை எடுத்தார். அதில் ஒரு பின் இருந்தது. நான்கு நிமிடம். என் டிக்கெட்டைப் பிரிண்ட் எடுத்து அவர்கள் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்களாம். கேலிக்கா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அவர் போனதும் திரையில் ஐந்து நட்சத்திரம் வந்தது. 'எங்கள் சேவை எப்படி இருந்தது?'

வெகுநேரம் யோசித்தேன். ஒன்று, இரண்டு எல்லாம் திட்டுவதுபோல. ஐந்து கொடுத்தால்? முன்பின் தெரியாத ஆண். முதல் நாளே ஒரு பெண் ஐந்து நட்சத்திரம் கொடுத்தால் என்ன நினைப்பார்? நான்கு என்பது ஐந்து கொடுக்க ஆசைப்பட்டுக் கூச்சப்பட்டதுபோல இருக்கும். மூன்றுதான் மரியாதை. நல்ல வேலை, நன்றி, அவ்வளவுதான்.

மூன்று கொடுத்தேன்.

மார்ச் 8, சனி

வீட்டில் என் அக்கா, சட்டையில் தூசியைப் பார்த்துவிட்டு, "கம்பெனி உத்தியோகம்னு சொன்னே, பழைய பேப்பர்காரி மாதிரி வந்து நிக்கிறே" என்றாள். அவள் போன் கடையில் வேலை செய்கிறாள். சட்டை கலையவே கலையாது.

அம்மா, "விடு, அவ ஒரு இடத்துல நிலைச்சா போதும்" என்றாள். அம்மாவின் இடுப்பு முறிந்த வருடம் நான் ஒன்பதாம் வகுப்பு. வீட்டைப் பார்த்துக்கொள்ள யாராவது நிற்க வேண்டும். நின்றேன். அடுத்த வருடம் போயிருக்கலாம். என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். போகவில்லை. அம்மா அதைப் பற்றிப் பேசமாட்டாள், நிலைக்க வேண்டும் என்று மட்டும் சொல்வாள்.

மார்ச் 13, வியாழன்

ஒயர் அண்ணன் (இப்போது அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள், நானும்) ஐந்தாவது முறையாக வந்தார். நான் டிக்கெட் போட்டால் இருபது நிமிடத்தில் வருகிறார். மூன்றாம் மாடிக்கு மூன்று நாள் ஆகுமாம்.

ஏன் என்று எனக்குப் புரிகிறது. படிக்கட்டில், லிப்டில், டீ மெஷின் பக்கத்தில் அவர் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். எல்லோரும் அவரைப் பிடித்து நிறுத்துகிறார்கள். 'அவசரம்' என்கிறார்கள். எல்லாமே அவசரம் என்றால் அவர் எதை முதலில் பார்ப்பார்? சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வந்து தங்கள் வீட்டுப் பிள்ளையின் போனை நீட்டுகிறார்கள். சரியாகிவிட்டால், "நேத்தே இதைச் செஞ்சிருக்கலாமே" என்கிறார்கள். யாரும் நேரத்தைச் சொல்வதில்லை, கடைசியாக எந்த பட்டனை அழுத்தினோம் என்று சொல்வதில்லை. நான் பேசுவதில்லை என்பதால் இதையெல்லாம் செய்யாமல் தப்பித்துக்கொண்டேன். பெரிய குணம் ஒன்றும் இல்லை.

இன்று போகும்போது, "வரேன் தங்கச்சி" என்றார்.

மூன்று நட்சத்திரம். வழக்கம்போல.

மார்ச் 19, புதன்

விஷயம் பரவிவிட்டது. கணக்குப் பிரிவு அக்காவே கீழே இறங்கி வந்தார். இந்தத் தளத்துக்கு அவர் வந்தது இதுவே முதல் முறை என்று மேடம் சொன்னார்.

"நீ எழுதினா உடனே வர்றானாமே. எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு. கீபோர்டு செத்துப் போச்சு."

"அதுக்கு முன்னாடி என்ன ஆச்சு அக்கா?"

"ஒண்ணும் ஆகல."

காத்திருந்தேன். எனக்குப் பேச வராது, காத்திருக்க வரும்.

"டீ கொஞ்சம் பட்டிருக்கலாம்."

"எவ்வளவு?"

"துளி."

இன்னும் காத்திருந்தேன்.

"அரை டம்ளர்" என்றார். "சர்க்கரை போட்டது. இதையெல்லாம் எழுதணுமா?"

எழுதினேன். ஒயர் அண்ணன் வரும்போதே புதுக் கீபோர்டைக் கையில் எடுத்து வந்தாராம். அக்கா என்னைப் பார்த்து முதல் முறையாகச் சிரித்தார். இந்த வாரத்தில் இப்படி எட்டு பேருக்கு எழுதியிருக்கிறேன். எல்லாம் என் கணக்கிலிருந்துதான் போகிறது, அதனால் நட்சத்திரமும் என்னிடம்தான் கேட்கிறது. எல்லோருக்கும் ஒரே அளவு. மூன்று.

மார்ச் 24, திங்கள்

அறுபது பெட்டி முடிந்தது. மேடம், "பரவாயில்லையே" என்றார். மேடம் வாயிலிருந்து அது வந்தால் பெரிய பாராட்டு.

மார்ச் 28, வெள்ளி

ஒயர் அண்ணன் வந்தார். கழுத்தில் ஒயர் இல்லை.

மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டே சொன்னார். முகம் தெரியவில்லை, கால் மட்டும் தெரிந்தது. "இங்க எத்தனை நாள் இருப்பேன்னு தெரியல தங்கச்சி."

"ஏன் அண்ணா?"

"ஸ்டார். இந்த மாசம் என் சராசரி சரிஞ்சு போச்சாம். நாலுக்குக் கீழ எது வந்தாலும் 'அதிருப்தி'ன்னு மேல போகுது. நான் கான்டிராக்ட் ஆளு. இப்படியே இருந்தா ஏழாம் தேதி வேற ஆள் போட்டுடுவாங்க."

என் கையில் ஒரு பின் இருந்தது.

"யாரு குடுத்தாங்கன்னு எங்களுக்குக் காட்டாது. எல்லாம் ஒரே ஆள்தான்னு எனக்குப் படுது. ஒண்ணு குடுத்தா கோபம்னு புரியும். இந்த ஆள் மூணு, மூணு, மூணு. ஒரு நாள் கூடத் தவறல. ரொம்பப் பொறுமையான எதிரி."

நான், "ஓ" என்றேன்.

இன்றைக்கு நட்சத்திரத்தைத் தொடவில்லை. இதுவரை கொடுத்ததை எண்ணிப் பார்த்தேன். பதினேழு.

மார்ச் 29, சனி

மூணு கெட்டதுன்னு எனக்கு யாரு சொன்னா? யாரும் சொல்லல. அஞ்சுல மூணு எப்படிக் கெட்டதாகும்? பாதிக்கு மேல தானே.

மார்ச் 30, ஞாயிறு

அம்மாவிடம் கேட்டேன். வேறு யாருக்கோ நடந்ததுபோல. "அஞ்சுக்கு மூணு குடுத்தா நல்லதா கெட்டதா?"

"பாஸ்தானே" என்றாள் அம்மா.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, நீ ஒரு ஆளு போதும், எங்க கடையை இழுத்து மூட. நாலு குடுத்தாலே எங்க மேனேஜருக்கு அன்னிக்குச் சோறு இறங்காது. மூணு வந்தா அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு உட்கார வெச்சு ஒரு மணி நேரம் பேசுவாரு." என்னைப் பார்த்தாள். "யாருக்கு நடந்துச்சு?"

"கூட வேலை செய்யற ஒருத்தருக்கு."

பொய் இல்லை.

மார்ச் 31, திங்கள்

அவர் வந்தார், ஸ்கேனரைத் துடைத்தார், போனார். ஐந்து கொடுத்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் சராசரி நடத்தினார்கள். அதற்குப் பிறகுதான் நான் நின்றேன், நல்லவேளை. பதினேழு மூன்று, ஒரு ஐந்து. 3.11. நான்குக்குக் கொண்டுவர இன்னும் பதினாறு முறை ஸ்கேனர் கெட வேண்டும். ஏழாம் தேதிக்குள்.

ஒரு பின்னை எடுத்து ரோலர் பக்கத்தில் வைத்தேன். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு எடுத்துவிட்டேன். டிக்கெட்டில் 'நானே பின்னைப் போட்டேன்' என்று எழுத வேண்டியிருக்கும். எழுதாமல் இருக்க என்னால் முடியாது.

ஏப்ரல் 2, புதன்

நான்காம் மாடிக்குப் போனேன். ஹெல்ப் டெஸ்க் இருக்கும் ஐடி அறைக் கதவு நீலப் பட்டைக்கும் அந்த அறை ஆட்களுக்கும்தான் திறக்கும். வெளியே நின்றேன். பதினொரு நிமிடம். உள்ளேயிருந்து ஒருவர் வந்தார். "யாரைப் பார்க்கணும்?"

"பாத்ரூம்" என்றேன்.

"அது எதிர்ப்பக்கம்."

எதிர்ப்பக்கம் போய்க் கை கழுவிவிட்டுக் கீழே வந்தேன். போனை எடுத்தேன். "சொல்லுங்க" என்றார்கள். வைத்தேன். அன்றைக்கு என்ன செய்தேனோ அதுவே. ஒரு மாதத்தில் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். டிக்கெட் போட்டேன்.

'மார்ச் 6 முதல் 27 வரை உங்கள் ஊழியர் என் பதினேழு டிக்கெட்டுகளைச் சரிசெய்தார். ஒவ்வொன்றுக்கும் நான் மூன்று நட்சத்திரம் கொடுத்தேன். மூன்று என்றால் நல்லது என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. மூன்று அதிருப்தி என்று மார்ச் 28 பிற்பகல் 2.40க்குத் தெரிந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் ஆறு நாள் இருந்தேன். பதினேழு முறையும் வேலை நன்றாக இருந்தது. முதல் முறை தவிர, அதிகபட்சம் இருபது நிமிடத்தில் வந்தார். ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. பிழை நட்சத்திரத்தில். அதைத் தொட்டது நான். சரிசெய்து தரவும்.'

'அவசரமா?' என்று ஒரு கட்டம் உண்டு. இதுவரை நான் அதைத் தொட்டதில்லை. இன்று தொட்டேன்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. டிக்கெட் ஒருவருக்குப் போகாது. அந்த அறையில் இருக்கும் எல்லோருக்கும் போகும். அவருக்கும்.

ஏப்ரல் 4, வெள்ளி

காலையில் பதில். 'வகை: பயனாளர் பிழை. 11.30க்கு நேரில் வரவும்.'

போனேன். கதவைத் திறந்துவிட்டார்கள். பத்து பேர் இருந்தார்கள். என் முதல் டிக்கெட் சுவரில் இருந்தது. ஸ்கேல் என்ற இடத்துக்கு மட்டும் யாரோ மஞ்சள் மை பூசியிருந்தார்கள். ஒயர் அண்ணன் தன் மேசையில், எனக்கு முதுகு காட்டி. திரும்பவில்லை.

ஐடி மேனேஜர் மெதுவாகப் பேசுகிறவர். அதுதான் கஷ்டமாக இருந்தது. அந்த அறையில் எல்லாமே கேட்டது.

"உட்காரும்மா. ஏன் மூணு?"

"நல்லதுன்னு நினைச்சேன் சார்."

"நல்லதுன்னா அஞ்சு குடுக்கலாமே?"

தரையைப் பார்த்தேன். ஒயர்களை மறைக்க ஒட்டிய டேப் ஒரு இடத்தில் பிரிந்திருந்தது.

"அஞ்சு குடுத்தா வேற மாதிரி நினைப்பாங்கன்னு சார்."

"வேற மாதிரின்னா?"

"வேற மாதிரி சார்."

பத்து பேரும் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். யாரோ இருமினார்கள். மேனேஜருக்கு ஒரு நிமிடம் கழித்துப் புரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி. அந்தக் கோணத்துல நாங்க யோசிச்சதில்ல. ஆனா ஏழு நாள் ஆயிட்டா ஸ்டாரை மாத்த முடியாதும்மா. என்னாலயும் முடியாது. பூட்டிடும்."

எழுந்து வந்திருக்கலாம். வழக்கமான நான் வந்திருப்பேன். ஆனால் அந்தப் படிவத்தில் இருக்கும் ஒவ்வொரு பட்டனையும் நான் படித்திருக்கிறேன். வேறு என்ன வேலை எனக்கு, கீழே?

"சார், 'தீரவில்லை, மீண்டும் திற'ன்னு ஒரு பட்டன் இருக்கு. மூடின நாள்லேர்ந்து முப்பது நாள் வரைக்கும். திறந்து திரும்ப மூடினா பழைய ஸ்டார் போயி புதுசா கேக்கும்."

"முதல் டிக்கெட் மூடினது என்னிக்கு?"

"மார்ச் ஆறு. நாளையோட முப்பது."

அவர் திரையைப் பார்த்தார். பிறகு என்னை. "திறக்கறதுக்குக் காரணம் கேக்குமே. என்ன போடுவ?"

"உண்மையைத்தான் சார்."

"போடு" என்றார்.

கீழே வந்து பதினேழையும் திறந்தேன். ஒவ்வொன்றிலும், 'சேவையில் குறையில்லை. நட்சத்திரத்தில் குறை.' ஒவ்வொன்றையும் அவர் மேலே இருந்து மூட வேண்டும். மூடும்போது என்ன செய்தார் என்று ஒரு வரி எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மூடாது. முதலில், 'சரிசெய்யப்பட்டது' என்று வந்தது. எட்டு முறை அதுவே. ஒன்பதாவதில், 'ஒன்பதாவது முறையாக எதையும் சரிசெய்யவில்லை.' பதின்மூன்றாவதில், 'டீ சாப்பிட்டு வந்தேன். இதுவும் சரிசெய்யப்பட்டது.'

நான் ஐந்து, ஐந்து, ஐந்து என்று அழுத்திக்கொண்டே போனேன்.

பதினேழாவதில், 'அன்னிக்கே சொல்லியிருக்கலாம்.'

அதைப் பல முறை படித்தேன். அதற்கும் ஐந்து கொடுத்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

ஏழாம் தேதி. ஒரு செய்தியும் இல்லை. கீழே செய்தி கடைசியாகத்தான் வரும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மேடத்தின் பாஸ்வேர்டைச் சரிசெய்ய ஆள் வந்தார். வேறு ஆள். யாரிடமும் பேசவில்லை. என்னிடமும். அவரிடம் கேட்டிருக்கலாம். பின் டப்பாவைக் கொட்டிவிட்டேன். ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

ஏப்ரல் 9, புதன்

ஒயர் வந்தது. அதற்குப் பின்னால் அவர்.

"ஆறு மாசம் நீட்டிச்சிருக்காங்க" என்றார். "நேத்து கிளை ஆபீஸ்ல வேலை. அதான் வேற ஆளை அனுப்பினாங்க."

"மன்னிச்சிடுங்க அண்ணா."

அவர் ஸ்கேனர் மூடியைத் திறந்தார். அதில் ஒரு கோளாறும் இல்லை. நான் டிக்கெட்டே போடவில்லை.

"ஒண்ணு சொல்லிடறேன். நீ அஞ்சு குடுத்திருந்தா நான் ஒண்ணும் நினைச்சிருக்க மாட்டேன். எனக்குக் கல்யாணம் ஆயி ரெண்டு பொண்ணு இருக்கு."

"தெரியும் அண்ணா."

"எப்படித் தெரியும்?"

"உங்க போன்ல படம் இருக்கு. மேசைக்கு அடியில போகும்போதெல்லாம் என் மேசை மேலதான் வெச்சுட்டுப் போவீங்க."

மூடியை மூடினார். "இனிமே கோபம் வந்தா மூஞ்சிக்கு நேரா திட்டிடு."

"கோபமே வரல அண்ணா."

"அதான் பயமா இருந்துச்சு."

ஏப்ரல் 16, புதன்

ஐடி எனக்கு டிக்கெட் போட்டிருக்கிறது. முதல் முறை. 'நட்சத்திரங்களுக்குக் கீழே ஒவ்வொன்றுக்கும் பொருள் எழுதித் தரவும். அவசரமில்லை.' மேனேஜர் பெயரில்.

ஒரு நாள் முழுக்க யோசித்து எழுதினேன். மூன்றுக்குக் கீழே: 'குறை இருந்தது. என்ன குறை என்று எழுதுங்கள்.' ஐந்துக்குக் கீழே: 'வேலை முடிந்தது. வேறு பொருள் இல்லை.'

எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டார்கள். கட்டடம் முழுக்க எல்லோருக்கும் தெரிகிறது. நான் எழுதியது என்று மூன்றாம் மாடிக்குத் தெரியாது. நல்லது.

ஏப்ரல் 24, வியாழன்

மேடம் என் படிவத்தை நிரப்பிவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். "பாரு, நல்லா போட்டிருக்கேன்."

நேரம் தவறாமை, மூன்று. வேலைத் தரம், மூன்று. பழகும் விதம், மூன்று. மொத்தம் எட்டு வரி. எட்டிலும் மூன்று.

மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். மகிழ்ச்சியாகத்தான் இருந்தார்.

என்னால் எதுவும் சொல்லாமல் இருக்க முடியும். அது எனக்கு நன்றாக வரும். 'ஓ' என்று சொல்லியிருப்பேன்.

"மேடம், உங்க கணக்குல மூணுன்னா என்ன?"

"நல்லதுன்னு அர்த்தம். நான் யாருக்கும் அதுக்கு மேல போட்டதில்ல. அஞ்சு போட்டா தலைக்கனம் வந்துடும். நீ வேற சின்னப் பொண்ணு."

"மேல அதை அப்படிப் படிக்க மாட்டாங்க மேடம்."

"பின்ன?"

"அதிருப்தின்னு படிப்பாங்க. ஐடில அப்படித்தான். இங்கயும் ஒரே கம்பெனிதானே."

மேடம் சிரிக்கப் போனவர் சிரிக்கவில்லை. நாற்காலியைத் திருப்பிப் பெட்டிகளைப் பார்த்தார். உருண்டைக் கையெழுத்து இருக்கும் பெட்டிகளை.

"அவளுக்கும் எட்டு மூணு போட்டேன்" என்றார். "அவளுக்கு முன்னாடி இருந்தவளுக்கும். நல்லா வேலை செஞ்ச பொண்ணுங்க. ஏன் எடுக்கலன்னு மேல போய்க் கேட்டுக்கூட இருக்கேன். 'உங்க படிவத்தைப் பாருங்க'ன்னாங்க. நான் நல்லாத்தானே போட்டிருக்கேன்னு திரும்பி வந்துட்டேன்."

என் நாற்காலியை மேடம் பக்கம் இழுத்துப் போட்டேன்.

பிறகு மேடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "அனுப்பிட்டேனே. இதை எப்படித் திறக்கறது?" என்றார்.

காட்டினேன்.

ஏப்ரல் 30, புதன்

மஞ்சள் பட்டையை வாங்கிக்கொண்டார்கள். நீலம் கொடுத்தார்கள். புதிதாக இருப்பதால் கழுத்தில் உரசுகிறது. ஒயர் அண்ணன் பார்த்துவிட்டு, "இனிமே எங்க கதவு உனக்குத் திறக்கும், பாத்ரூம் தேட வேண்டாம்" என்றார். அந்த அறையில் எல்லோருக்கும் எல்லாமே தெரிந்திருக்கிறது.

இன்னும் முந்நூறு பெட்டி இருக்கிறது. ஒரு ஆளால் முடியாது, இன்னொரு ஆள் வேண்டும் என்று மேடம் மேலே எழுதி, சரி என்று பதிலும் வாங்கிவிட்டார். மதியம் முழுக்கப் பழைய கோப்புகளில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு தாளை என் முன்னால் வைத்தார். விண்ணப்பம். உருண்டையான கையெழுத்து. கீழே ஒரு போன் எண்.

"நீ பேசு. நான் பேசினா போனை வெச்சிடுவா" என்றார்.

துண்டுத் தாள் எடுத்து எழுதத் தொடங்கினேன். 'வணக்கம் அக்கா, நான் ரெக்கார்ட் ரூமில் இருந்து' என்பது வரை எழுதினேன். பிறகு எண்ணை அழுத்தினேன்.

நான்காவது மணியில் எடுத்து, "சொல்லுங்க" என்றார்கள்.

சொன்னேன்.